ஒரு துணுக்கு ரொட்டி

மெலிஸ்: ...அதான் சொல்றேனேக்கா, ஒரு பயமும் இல்ல. உங்க மேட்டுல ஏற்கெனவே பழைய யுரேனியச் சுரங்கக் கழிவு கிடக்கு. பக்கத்துப் பள்ளத்தாக்குல இருக்கிறதையும் இங்கயே கொண்டாந்து கொட்டி மூடிருவோம்.

சுயும்கான்: எல்லாத்துக்கும் எங்க மேடுதானா தம்பி? டவுன் பக்கம் மேடே இல்லையா?

மெலிஸ்: அங்க ஜனங்க இருக்காங்களே...

அசனாலி: அப்ப நானும் என் பொண்டாட்டியும் யாரு, செம்மறி ஆடா?

மெலிஸ்: ஐயோ அண்ணே, அப்படிச் சொல்லல! இடத்தைப் பார்த்தாச்சு. நாளைக்கு ஆபீஸ்ல நான் 'சரி'ன்னு ஒரு வார்த்தை சொல்லணும், அவ்வளவுதான். கிளம்பட்டுமா?

சுயும்கான்: ரொட்டி பிட்டு வாயில போடாமயா? குதிரை மேல ஏறுனவன்கூட இறங்கி வந்து ஒரு துணுக்கு பிட்டுட்டுத்தான் போவான். நீங்களும் கிர்கிஸ்காரர்தானே?

மெலிஸ்: வயிறு நிறைஞ்சிருக்குக்கா...

அசனாலி: ஏ புள்ள, அந்த ரொட்டி வந்து...

சுயும்கான்: நீங்க பேசாம டீயை ஊத்துங்க.

மெலிஸ்: டீ வேண்டாம்ணே! பாட்டில் தண்ணி வச்சிருக்கேன்.

சுயும்கான்: ஏன்? பயமில்லைன்னீங்க...

மெலிஸ்: பயமெல்லாம் இல்ல... பல்லு வலி.

சுயும்கான்: இப்பத்தான் வயிறுன்னீங்க!

மெலிஸ்: அது... ரெண்டும்தான்.

அசனாலி: பாவம், வண்டி வரைக்கும் நடப்பாரா?

சுயும்கான்: ரொட்டியை ஒதுக்கிட்டுப் போன விருந்தாளின்னு ஊரே பேசும். உங்கம்மா காதுக்கும் போகும்.

மெலிஸ்: அக்கா, உங்க காலைப் பிடிக்கிறேன்... இந்த மண்ணுல விளைஞ்சது எனக்குத் தொண்டையில இறங்காது. எனக்கு ரெண்டு பிள்ளைங்க இருக்கு.

சுயும்கான்: எனக்கு நாலு. அதுங்களுக்குத் தினமும் இறங்குது. சொல்லுங்க. நாளைக்கு 'சரி'ம்பீங்களா?

மெலிஸ்: மாட்டேன். 'ஆகாது'ன்னு சொல்றேன். கிடக்கிறதையே முதல்ல அள்ளணும்னும் சொல்றேன்.

அசனாலி: வாயால சொன்னா? ரொட்டி மேல கை வைங்க.

மெலிஸ்: இந்தா, வச்சுட்டேன். சத்தியம். போதுமா? ...ஆமா, இது எந்த வயல் கோதுமைக்கா?

சுயும்கான்: எனக்கென்ன தெரியும்? காலையில வாசல்ல என் கையில குடுத்தீங்களே, 'வீட்டுக்காரி சுட்டது'ன்னு... அதேதான் இது. எங்க ரொட்டியை விருந்தாளிக்கு வைக்க எனக்கு மனசு வருமா தம்பி?