தலைவர் பதவிக்கு ஒரு காயம்

எங்கள் வழக்கறிஞர் சங்கத் தேர்தலில் சாப்பாடு எப்போதுமே நன்றாக இருக்கும். வாக்களிக்க வராதவர்கள்கூடச் சாப்பிட வருவார்கள். சாப்பிட வந்தவர்களைப் பிடித்து வாக்களிக்க வைப்பதுதான் எங்கள் ஜனநாயகம்.

நீங்கள் வெளியூர் மாஜிஸ்திரேட் என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஐயா. நான் பேச வேண்டிய கட்டாயம் இல்லை, பேசினால் அது எனக்கு எதிராகவே பயன்படும் என்று பொறுமையாக எடுத்துச் சொன்னீர்கள். நன்றி. இதையே என் கட்சிக்காரர்கள் பலருக்கு நானும் சொல்லியிருக்கிறேன். அவர்களிடம் வாயைத் திறக்காதே என்று சேர்த்துச் சொல்வேன். என் விஷயம் அப்படி இல்லை. நடந்ததை வரிசையாகக் கேட்டால் எவருக்கும் புரியும்.

என் பெயர் நாச்சிமுத்து. திருப்பூரில் விபத்து இழப்பீட்டு வழக்குகள் என்றால் என்னைத்தான் சொல்வார்கள். சங்கத் தலைவர் பதவிக்கு இரண்டு முறை நின்று இரண்டு முறையும் தோற்றேன். மூன்றாம் முறை தோற்றால் அது பழக்கமாகிவிடும்; அதன்பின் கல்யாண வீடுகளில்கூட முன்வரிசையில் உட்கார வைக்க மாட்டார்கள்.

இந்த முறை தங்கதுரையைச் செயலாளர் பதவிக்கு என் அணியில் நிறுத்தியிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். அவன் இங்கேயே வளர்ந்து, சட்டம் படித்து, நல்லூர்ப் பெண்ணான அனுப்ரியாவைக் காதலித்துக் கட்டிக்கொண்டவன். தெற்கத்தி வழக்கறிஞர்களின் வாக்கு மொத்தமும் அவன் சட்டைப்பையில் இருந்தது. எனக்குத் தம்பி மாதிரி. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்களை எதிர்த்து நின்றவர் தமிழ்மதி. தொழிலாளர் வழக்குகள் நடத்துகிறவர். வாக்காளர்களுக்கு நான் அனுப்பர்பாளையத்திலிருந்து எவர்சில்வர் டிபன் கேரியர் வரவழைத்து, மூடியில் என் பெயரைப் பொறித்துக் கொடுத்தேன். அவர் ஒரு டம்ளர்கூடக் கொடுக்கவில்லை. பெண் வழக்கறிஞர்களுக்குக் கழிப்பறை, ஜூனியர்களுக்கு உதவித்தொகை என்று பேசிக்கொண்டே போனார். தொட்டதற்கெல்லாம் நீதிமன்றத்தைப் புறக்கணிக்கும் வழக்கத்தை நிறுத்துவேன் என்றும் சொன்னார்.

"நாம கோர்ட்டைப் புறக்கணிச்சா நீதிபதிக்கு நட்டமில்லீங்க. ஜெயில்ல உக்காந்திருக்கறவனுக்குத்தான் நட்டம்," என்றார் ஒரு கூட்டத்தில்.

இளைஞர்கள் கைதட்டினார்கள். என் டிபன் கேரியரில் சாப்பிட்டவர்களும் தட்டினார்கள். எல்லோரும் இப்படித் தனித்தனியாக யோசிக்க ஆரம்பித்துவிட்டால் சங்கத்தின் ஒற்றுமை என்னாவது என்று எனக்குக் கவலை வந்தது.

என் வாக்குறுதி ஒன்றே ஒன்று: வழக்கறிஞர்களுக்குப் பாதுகாப்பு. அருமையான வாக்குறுதி. ஆனால் அந்த வருடம் பார்த்து எந்த வழக்கறிஞரும் எங்கும் அடிவாங்கவில்லை. ஒருவரை ஒருவர் அடித்துக்கொண்டதோடு சரி.

தங்கதுரையிடம் இதைச் சொல்லி வருத்தப்பட்டேன்.

"யாரும் அடிக்கலன்னா நாமளே அடிச்சிக்கிட வேண்டியதுதான் அண்ணாச்சி," என்றான் அவன், சிரித்துக்கொண்டே.

நான் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவனும் நிறுத்திவிட்டான்.

ஏற்பாடு எளிமையானது. நெற்றிக்கு மேல் ஒரு கீறல். மருத்துவமனையில் ஒரு கட்டு. அந்தக் கட்டோடு சங்கத்துக்கு வர வேண்டும். முகம் தெரியாத ஆட்கள் வழிமறித்துத் தாக்கினார்கள் என்று சொல்ல வேண்டும். அவன் முழுமனதோடு சம்மதித்தான். வற்புறுத்தியதாக யாராவது சொன்னால் அது பொய்.

அருள்புரத்தில் மூடிக்கிடந்த ஒரு சாயப்பட்டறையின் பின்பக்கம். காலை வேளை. கோர்ட்டுக்குப் போகும் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தான். ரத்தம் தெரியும் என்று நான்தான் சொல்லியிருந்தேன். அங்கே கிடந்த கட்டை ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

"மெதுவா அண்ணாச்சி. பொஞ்சாதி பயந்துருவா," என்று கண்ணை மூடிக்கொண்டான்.

முதல் அடியில் ஒன்றும் வரவில்லை. தடவிப் பார்த்துவிட்டு, "ரத்தத்தக் காணோமே," என்று அவனே குறைப்பட்டான். இரண்டாவது அடியில் வந்தது. அதோடு அவன் பின்னால் சாய்ந்து சாயத்தொட்டியின் சிமெண்டு விளிம்பில் தலையை இடித்துக்கொண்டதற்கு நான் பொறுப்பல்ல. தொட்டியை அங்கே கட்டியவன் நானில்லை. எழுந்து தானாகவே நடந்துதான் காரில் ஏறினான்.

கார் கிளம்பியதும் கண்ணாடியில் முகத்தைப் பார்த்துக்கொண்டான். பார்த்தது பிடித்திருந்தது போல.

"நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இதுக்கு நான் தலைவருக்கே நின்னுருக்கலாம். செயலாளரோட நிறுத்திட்டியளே."

விளையாட்டாகத்தான் சொன்னான். ஆனால் தேர்தல் சமயத்தில் விளையாட்டுப் பேச்சு என்று ஒன்று கிடையாது, ஐயா.

வழியில் மருத்துவமனை வந்தது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை. கட்டுப் போட்ட தலையை எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பைக்கில் விழுந்தவனும் கட்டுப் போட்டுக்கொண்டு வருகிறான். கட்டுப் போடாத தலைக்கு மதிப்பே வேறு.

"ஆஸ்பத்திரியத் தாண்டிட்டோமே அண்ணாச்சி."

"மொதல்ல சங்கத்துக்குப் போயிரலாங்கண்ணு. ஒரு அஞ்சு நிமிசம்."

தலையை ஆட்டினான். சற்று தூரம் போனதும் வாந்தி எடுத்தான். பார்வை மங்குகிறது என்றான். அப்போது இன்னொரு மருத்துவமனை வந்தது. பெரியது, வாசலிலேயே அவசர சிகிச்சைப் பிரிவு. அதையும் தாண்டினேன்.

சங்க அறையில் அவனை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், எல்லோருக்கும் தெரிகிற மாதிரி உட்கார வைத்தேன். கூட்டம் கூடியது. செல்போன்கள் உயர்ந்தன. கோஷம் கிளம்பியது. இரண்டு தேர்தலில் என்னால் திரட்ட முடியாத கூட்டம் அது. நான் பேசினேன். நன்றாகவே பேசினேன். இன்று கறுப்பு அங்கி, நாளை உங்கள் குடும்பம் என்ற இடத்தில் சிலர் அழுதார்கள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு தமிழ்மதி வந்தார். "ஏனுங்க, மொதல்ல ஆளை ஆஸ்பத்திரிக்குத் தூக்குங்க. பேச்சை அப்புறம் வெச்சுக்கலாம்."

"ரத்தத்துல அரசியல் பண்ணாதீங்கம்மா," என்றேன்.

கூட்டம் என் பக்கம் நின்றது. அவரைப் பின்னால் தள்ளினார்கள். என் பேச்சு முடிவதற்குள் தங்கதுரை நாற்காலியிலிருந்து சரிந்துவிட்டான். அதற்கும் கைதட்டல் வந்தது. நின்று வணங்கப் போகிறான் என்று பின்வரிசை நினைத்திருக்க வேண்டும்.

மறுநாள் இறந்தான்.

காவல்துறைக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. நல்லூரில் ஒரு சிறிய பனியன் கம்பெனியில் பொன்னுச்சாமி என்று ஒரு கட்டிங் மாஸ்டர் இருந்தான். தங்கதுரையின் கட்சிக்காரன். தன் வழக்கு வாய்தாவிலேயே போகிறது என்று சில நாள் முன்பு நீதிமன்ற வராந்தாவில் தங்கதுரையோடு சத்தம் போட்டிருந்தான். நான் அவனைக் குற்றவாளி என்று சொல்லவே இல்லை. அந்தச் சத்தத்தை மட்டும் ஆய்வாளருக்கு ஞாபகப்படுத்தினேன். பிடித்துக்கொண்டு போனார்கள். அவனுக்காக எங்கள் உறுப்பினர் யாரும் ஆஜராகக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போட்டது. முன்மொழிந்தவன் நான். ஒருவரும் எதிர்க்கவில்லை, தமிழ்மதியைத் தவிர. அவர் நேரே போய் அவனுக்கு வக்காலத்துப் போட்டார். அந்த நிமிடமே தேர்தல் முடிந்துவிட்டது. வாக்குப்பதிவு வெறும் சடங்கு.

சங்க வரலாற்றில் இல்லாத வித்தியாசத்தில் வென்றேன். பதவியேற்றதும் முதல் வேலையாகத் தங்கதுரையின் படத்தைத் திறந்து வைத்தேன். அனுப்ரியாவை முன்வரிசையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினேன். பாதுகாப்புச் சட்டம் கேட்டு ஊர்வலம் போனோம். இவையெல்லாம் சாதனைகள். என்மேல் வழக்கு இருக்கிறது என்பதற்காக இவை இல்லையென்று ஆகிவிடாது.

பொன்னுச்சாமியின் அம்மா சுப்பாத்தாள் சும்மா இருந்திருந்தால் எல்லாம் சரியாகவே போயிருக்கும். அந்தக் கிழவி அனுப்ரியாவின் வீட்டு வாசலில் போய் நின்றிருக்கிறாள். "சாமி, எம்பையன் கோவத்துல கத்துவானுங்க. கையோங்க மாட்டானுங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே வராமல் வெயிலிலேயே நின்றாளாம்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அன்று காலை கிளம்பும்போது தங்கதுரை தன் மனைவியிடம் விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். நாச்சிமுத்து அண்ணாச்சிதான் அடிப்பார், சின்னக் காயம், பயப்படாதே என்று. அடி கொஞ்சம் தவறிவிட்டது என்று நினைத்து, வெளியே தெரிந்தால் புருஷன் பெயர் கெடும் என்று அவள் வாயை மூடிக்கொண்டிருந்தாள். கிழவி வந்துபோன பிறகு எனக்குப் போன் செய்தாள்.

"ஏனுங்கண்ணா, அடிபட்டது அருள்புரத்துல. வர்ற வழியில ஒரு ஆஸ்பத்திரிகூட இல்லீங்களா?"

நான் பொய் சொல்வதில்லை. "இருந்துச்சும்மா. சங்கத்துல கூட்டம் காத்துக்கிட்டிருந்துச்சு," என்றேன்.

போனை வைத்துவிட்டாள். சாயங்காலம் தமிழ்மதியோடு காவல் நிலையத்தில் இருந்தாள். சால்வையை எனக்கே திருப்பி அனுப்பிவிட்டாள்.

கொலை என்கிறார்கள். அந்தச் சொல் எனக்குப் பொருந்துவதாகத் தெரியவில்லை. தலையில் அடிபட்டவன் வாந்தி எடுத்தால் உள்ளே என்ன நடக்கிறது என்பது எனக்குத் தெரியும், உண்மை. எத்தனையோ டாக்டர்களைக் கூண்டில் ஏற்றி அதைத்தான் கேட்டிருக்கிறேன். அவன் வாந்தி எடுத்தபோது அது எனக்கு ஞாபகம் வந்தது. பிழைத்தால் இந்தத் தழும்போடு அடுத்த முறை தலைவருக்கு நிற்பான், எனக்கு எதிராகவே நிற்பான், ஜெயிப்பான் என்பதும் ஞாபகம் வந்தது. இரண்டையும் யோசித்தேன். யோசித்துவிட்டு நேராக ஓட்டினேன். ஒரு தலைவன் எதையும் யோசித்துத்தான் செய்ய வேண்டும்.

பொன்னுச்சாமி இன்னும் வெளியே வரவில்லையாமே. என் கைதைக் கண்டித்து எங்கள் சங்கம் நீதிமன்றப் புறக்கணிப்பில் இருக்கிறது. வாசலை மறித்து உட்கார்ந்திருப்பதால் அவனுடைய ஜாமீன் மனுவோடு தமிழ்மதியால் உள்ளே போக முடியவில்லை என்று கேள்விப்பட்டேன். எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் பொதுக்குழுவின் முடிவில் நான் தலையிடுவது முறையாகாது.

வாசித்துக் காட்டியதைக் கேட்டேன், ஐயா. கட்டை, தொட்டி, இரண்டு மருத்துவமனைகள், எல்லாம் சரியாக இருக்கிறது. கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு பிழை. முதல் வரியில் 'சங்கத்தின் முன்னாள் தலைவர்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'முன்னாள்' என்பதை மட்டும் அடித்துவிடுங்கள். அது அபாண்டம்.