மேனுஜாவின் கதிரையில் இருந்தது யார்?

அறிவால் இந்த ஊரையும் அகலத்தால் இந்த மேடையையும் நிறைத்து வீற்றிருக்கும் தலைவர் செல்வரட்ணம் அண்ணை அவர்களே! ஆன்றோரே, சான்றோரே! விடியுமுன் வேலைக்கு ஓடியும் அயராமல் பிள்ளைகளை ஆளாக்கிய அன்னையரே! கிம்னாசியம் என்னும் உயர்பள்ளி முடித்து, தேறியவர் அணியும் வெள்ளைத் தொப்பி சூடி வந்திருக்கும் வெற்றிச் செல்வங்களே! டென்மார்க்கின் இந்தப் புரொண்பி மண்டபம் அதிர, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம்!

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்தது. நட்டம் யாருக்கு? பள்ளிக்கூடத்துக்கு! ஆயினும் இன்று நான் பேச வந்தது ஆங்கிலத்தைப் பற்றி. கிம்னாசியத்தில் ஏ என்னும் உச்ச நிலை ஆங்கிலப் பரீட்சையில் பன்னிரண்டு புள்ளி எடுத்தால், அதற்கு மேல் இந்த நாட்டில் புள்ளி கிடையாது. அதைப் பார்த்துக் கல்லூரி சொல்கிறது: "உனக்கு அடிப்படை வகுப்பு வேண்டாம், நேரே மேல் வகுப்புக்குப் போ." கதவு திறக்கிறது. நாம் போகிறோமா?

என் தங்கை சுசீலாதேவியின் மகள் மேனுஜா. எடுத்தாள் பன்னிரண்டு! கிடைத்தது மேல் வகுப்பில் இடம்! அவளோ பின்வாங்கினாள்.

"மாமா, அது ஏதோ அதிர்ஷ்டத்திலை வந்த புள்ளி. எனக்கு உண்மையிலை இங்கிலிஷ் தெரியாது."

நான் என்ன சொன்னேன்? "அத்திவாரம் முக்கியம் பிள்ளை. கீழ் வகுப்பிலையே இரு. படிச்சதையே திரும்பப் படிச்சால் ஆர் உன்னை வெல்லுறது?" டென்மார்க்கில் பாதிப் பேருக்குப் புத்தி சொன்னவன் அல்லவா நான்! பிள்ளை கேட்டாள். கீழ் வகுப்பில் போய் இருந்தாள்.

மூன்று கிழமை கழிந்தது. கல்லூரியிலிருந்து ஒரு கடிதம். "மேல் வகுப்புக்கு ஒரு நாளும் தவறாமல் வருகிறீர்கள். மகிழ்ச்சி. ஆகவே கீழ் வகுப்பிலிருந்து உங்கள் பெயரை நீக்கிவிட்டோம்."

வருகிறாளா? எவள் வருகிறாள்?

"அது கொம்பியூட்டர் பிழை அண்ணை!" என்கிறார் பின்னாலிருந்து மரியரட்ணம். நானும் அப்படித்தான் நினைத்தேன் மரியரட்ணம். கொஞ்சம் பொறும்.

மறுநாள் காலை, அவள் வீடு இருக்கும் இஷொயிலிருந்து அவளைக் காரில் ஏற்றிப் போனேன். மூடுபனி! என் காரின் மூக்கு எனக்கே தெரியவில்லை. மேல் வகுப்பு வாசலில், "மாமா, உள்ளுக்கு வராதேங்கோ, வெக்கமாயிருக்கு. இதிலை நில்லுங்கோ" என்றாள். நின்றேன். உள்ளே நாற்பது மாணவர்கள்.

"போன முறை இருபது எண்டெல்லே சொன்னனீங்கள்!" என்கிறார் மறுபடியும் மரியரட்ணம்.

பனிக்குள் நான் எண்ணினது, மரியரட்ணம்! கூடக்குறைய வரும்!

யன்னலோரம் ஒரு வெறுங்கதிரை. மேசையில் திறந்தபடி ஒரு கொப்பி. பக்கத்திலிருந்த பெட்டை நிமிர்ந்து டெனிஷில் கேட்டாள்: "ஏன் அங்கே நிற்கிறாய்? இப்போதுதானே இதில் இருந்தாய்?"

மேனுஜா போய்க் கொப்பியைப் புரட்டினாள். மூன்று கிழமைப் பாடம். அத்தனையும் அவளுடைய கையெழுத்து. கதிரையைத் தொட்டாள். சுட்டது.

அன்னா என்னும் ஆசிரியை பெயர் கூப்பிடுகிறார். "மேனுஜா?"

இவள் வாய் திறக்குமுன், "யெஸ்" என்றது ஒரு குரல். எங்கிருந்து? அந்த வெறுங்கதிரையிலிருந்து! என் மருமகளின் குரல்! ஆனால் தயங்காத, தடுமாறாத, பன்னிரண்டு புள்ளிக் குரல். இவள் "யெஸ்" என்றாள். அது இன்னும் அழகாக "யெஸ்" என்றது. இவள் டெனிஷில் "யா" என்றாள். அதுவும் "யா" என்றது. அந்தக் குரலுக்கு வரவு போட அன்னாவின் பேனை தாளில் இறங்குகிறது. இறங்கினால் இடம் போச்சு! இடம் மட்டுமா, பேரும் போச்சு! கீழேயும் இல்லை, மேலேயும் இல்லை, பிள்ளை அந்தரத்தில்!

வாசலிலிருந்து சிங்கம்போல் கர்ச்சித்தேன்: "மேனுஜா! பிள்ளை! நீதானே?"

வீட்டில் எதற்கும் டெனிஷிலேயே பதில் சொல்லும் பிள்ளை, அன்று அலறினாள்: "ஓம் மாமா! நான்தான்!"



அந்தக் குரல் வரவில்லை. அதற்கு ஆங்கிலம் தெரிந்தது, டெனிஷ் தெரிந்தது. நம் தமிழ் "ஓம்" தெரியவில்லை! கொப்பியின் தாள் ஒன்று தானாகப் புரண்டது. அன்னா தலை நிமிர்ந்து, "ஏன் நிற்கிறாய்? இரு" என்றார். இருந்தாள். கதிரை பனிக்கட்டியாய்க் குளிர்ந்ததாம். ஆனாலும் எழும்பவில்லை. இன்றும் அவள் இருப்பது அங்கேதான்.

சபையோரே! அத்திவாரம் என்று நான் சொன்னது பிழை. என் வாழ்நாளின் முதற்பிழை. பரீட்சை தந்த இடம் பிச்சையா? பரிசா? இல்லை, பாடுபட்ட பலன்! அதைப் பயந்து விட்டால், வெறும் இடம் வெறுமனே கிடக்காது. நீ இருக்காத இடத்தில் ஏதோ ஒன்று வந்து இருக்கும்! உன் கையால் எழுதும்! உன் வாயால் பேசும்! உன்னைப் பார்த்தே நீ யார் என்று கேட்கும்!

தலைவர் மணிக்கூட்டைக் காட்டுகிறார். முடிக்கிறேன். கூச்சத்தில் எல்லாரும் பின்வரிசைகளில் போய் இருந்துவிட்டீர்கள். முதல் வரிசையில் ஆறு கதிரைகள். ஆளில்லை. ஆனால் நான் பேசத் தொடங்கியதிலிருந்து கைதட்டல் அங்கிருந்துதான் வருகிறது. வெள்ளைத் தொப்பிப் பிள்ளைகளே, கெதியாக எழும்பி வந்து இருங்கள். கேட்டவர்களுக்கு நன்றி. கண்ணுக்குத் தெரிந்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.