மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு நாள்

காலையில் அலுவலகத்துக்கு வந்ததும் சிலர் செய்தித்தாளை விரிப்பார்கள், சிலர் டீ வாங்கப் போவார்கள். நான் திரையில் ஆறு ஆங்கில எழுத்துத் தட்டுவேன். அப்டைம். என்டரை அழுத்தினால், இயந்திரம் எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது என்று ஒரே வரியில் சொல்லிவிடும். அதே வரியில் மூன்று எண்களும் வரும். கடந்த ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், பதினைந்து நிமிடத்தில் அதன் தலையில் எவ்வளவு சுமை இருந்தது என்பதற்கான எண்கள் அவை. அந்த வரியைப் படித்துவிட்டால் எனக்குப் பொழுது நல்லபடியாகப் போகும், ஐயா. முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள். முதல் என்றால் அதுதான்.

நான்காவது மாடியில் இருக்கும் பழைய சர்வரைப் பற்றித்தான் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நானே கையால் பொத்தானை அழுத்தி ஓட விட்டது. இதெல்லாம் நடந்த அந்தச் சனிக்கிழமையன்று அது மூவாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினோரு நாளாக ஓடிக்கொண்டிருந்தது. பத்து வருடம், எட்டு மாதம், சொச்சம். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு நாலு மணி நேரம் தாமதமாகத்தான் போனேன்; சர்வரின் மின்விசிறி ஒன்று இருமிக்கொண்டிருந்தது. அலுவலகம் இரண்டாவது மாடியிலிருந்து நான்காவதுக்கு மாறியபோது, கூடவே பேட்டரியைக் கட்டி, ஓடிக்கொண்டிருக்கும்போதே தூக்கிப் போனோம். ஒவ்வொரு படியிலும் "ஓடுதா?" என்று கேட்டேனாம். அன்றிலிருந்து எனக்கு 'ஓடுதா சார்' என்றே பெயர்.

வீட்டுக்காரி ஒருமுறை கேட்டாள், "அது நின்னா என்னங்க ஆகும்?"

"இதுவரைக்கும் நிக்கலையே," என்றேன்.

மேலாளர் அம்மா ஆறு மாதத்துக்கு முன்னால் வந்தவர். கெட்டிக்காரர், குறை சொல்ல மாட்டேன். அந்த சர்வரின் வேலைகளெல்லாம் ஒவ்வொன்றாகப் புது இயந்திரங்களுக்குப் போய்விட்டன என்று கண்டுபிடித்தார். என்னைக் கூப்பிட்டு, "அது இப்ப என்னதான் செய்யுது?" என்றார்.

நான் டாப் என்ற கட்டளையைப் போட்டுக் காட்டினேன். இயந்திரத்தின் சக்தியை யார் அதிகம் சாப்பிடுகிறார்கள் என்று வரிசைப்படுத்திக் காட்டுவது அது. பட்டியலில் முதலிடத்தில் டாப்பே இருந்தது. வேறு யாரும் இல்லை.

"சுமை பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். எதுவும் செய்யலைன்னுதானே அர்த்தம்?"

"களைப்பே இல்லாம இருக்குன்னு அர்த்தம்மா."

"வெள்ளிக்கிழமைக்குள்ள நிறுத்திடுங்க," என்றார் அவர்.

மூன்று வெள்ளிக்கிழமைகள் போயின. தகவல்களைப் பிரதி எடுக்க வேண்டும் என்றேன், பிறகு சரிபார்க்க வேண்டும் என்றேன், பிறகு எனக்கு வயிறு சரியில்லை. கடைசியில் அவரே சனிக்கிழமை காலை வந்துவிட்டார். விடுமுறை நாள், கட்டடத்தில் ஆள் இல்லை. ஒயரைக் கழற்ற எலக்ட்ரீஷியனையும் வரச் சொல்லியிருந்தார். எங்கள் எலக்ட்ரீஷியன் என் மச்சான், வீட்டுக்காரியின் தம்பி. அந்த வேலையை அவனுக்கு வாங்கிக் கொடுத்ததே நான்தான்.

பத்து மணி பத்து நிமிடத்துக்கு இருவரும் லிஃப்டில் ஏறினார்கள். சர்வர் அறைக்குள் போன் கூடாது என்ற விதிப்படி இருவரின் போனையும் கீழேயே வாங்கி வைத்துக்கொண்டேன். நான் படியில் வருவதாகச் சொன்னேன். அப்போதுதான் மின்சாரம் போயிற்று.

இதை நீங்கள் புரிந்துகொள்ள வேண்டும். எங்கள் ஜெனரேட்டர் பழசு. லிஃப்டையும் சர்வர் அறையையும் சேர்த்து இழுக்காது. கீழே மின் அறைச் சுவரில் ஒரு கைப்பிடி உண்டு. மேலே தள்ளினால் லிஃப்ட், கீழே தள்ளினால் அறை. முதலில் லிஃப்டுக்குக் கொடுத்து ஆட்களை இறக்கிவிட வேண்டும், அதன்பிறகே அறைக்கு என்பது விதி. லிஃப்டுக்கு மூன்று நிமிடம் பிடிக்கும். என் சர்வரின் பேட்டரி பழசாகி, இப்போது இரண்டு நிமிடம்தான் தாங்கும். புது பேட்டரி கேட்டு நான்கு வருடமாகக் கடிதம் எழுதியிருக்கிறேன், கோப்பில் இருக்கும். ஆக, ஒரு நிமிடம் குறைந்தது. கைப்பிடி கீழேயே இருந்தது.

லிஃப்ட் பெட்டி மூன்றாவது மாடிக்கும் நான்காவதுக்கும் நடுவில் நின்றிருந்தது. நான்காவது மாடிக் கதவை நெம்பியபோது பெட்டியின் உச்சியில் ஒரு சாண் அகலம் தெரிந்தது. கம்பிக் கதவு. அதன் வழியாக மச்சான் பேசினான்.

"அத்தான், கீழ போய்க் கைப்பிடிய மேல தள்ளுங்க. மூணு நிமிஷம் போதும்."

"பேட்டரி ரெண்டு நிமிஷம்தான் தாங்கும்டா."

"ஒரு நிமிஷத்துக்காகவா?"

"ஒரு நிமிஷம்னாலும் நின்னா நின்னதுதானே."

உள்ளே மேலாளர் அம்மா, "அவர்கிட்ட சண்டை போடாதீங்க, மெதுவாப் பேசுங்க," என்று அவனிடம் சொன்னது கேட்டது. நான் முன்பே சொன்னேனே, கெட்டிக்காரர்.

நான் அவர்களைக் கைவிட்டுவிடவில்லை. கம்பி வழியாக ட்யூப் விட்டுத் தண்ணீர் கொடுத்தேன். மச்சானுக்குச் சர்க்கரை வியாதி என்பதால் சர்க்கரை போடாத பிஸ்கட்டாகப் பார்த்து வாங்கினேன். மணிக்கொரு முறை அப்டைம் போட்டு அந்த வரியைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எதுவும் நிற்கவில்லை என்று தெரிந்தால் அவர்களுக்கும் தெம்பாக இருக்குமே. டீசலை நான்கு தடவை கேனில் சுமந்து ஊற்றினேன். வாட்ச்மேனிடம் லிஃப்ட் வேலை நடக்கிறது என்றேன். ஜெனரேட்டர் சத்தத்தில் அவருக்கு வேறெதுவும் கேட்டிருக்காது. வீட்டுக்காரி போன் செய்து தம்பியைக் கேட்டபோது, "இங்கதான் இருக்கான், வேலை முடியல," என்றேன். அதில் பொய் இல்லை.

கால் மணிக்கொரு தடவை இருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். எத்தனை விநாடியில் பதில் வருகிறது என்று நோட்டில் குறித்தேன். எங்கள் தொழிலில் அதை வைத்துத்தான் ஓர் இயந்திரத்தின் நிலைமையைச் சொல்வோம். மேலாளர் அம்மா கடைசிவரை இரண்டு விநாடி. மச்சான் முதலில் ஒரு விநாடி, ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்கு, பிறகு ஒன்பது. மதியத்துக்கு மேல் பதில் இல்லை.

"அவருக்கு ஊசி போடணும், நேத்து காலையில போட்டதுதான். தயவு செஞ்சு யாரையாவது கூப்பிடுங்க," என்றார் அந்த அம்மா.

ஊசி விஷயம் எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் அந்த மருந்துக்கு இடம் ஒதுக்கியதே நான்தான். ஆனால் அவன் மூச்சு சத்தமாகவும் சீராகவும் வந்துகொண்டிருந்தது. சுமை இறங்கிவிட்டது, ஓய்வெடுக்கிறான் என்று எழுதினேன். நோட்டு உங்கள் மேஜையில்தான் இருக்கிறது.

சாயந்திரம் வீட்டுக்காரியே வந்துவிட்டாள், கையில் அந்த மருந்தோடு. படியேறி வந்தவள், தரையில் ட்யூபும் பிஸ்கட் காகிதமும் கிடப்பதைப் பார்த்தாள்.

"உள்ள யாரு?"

"உன் தம்பியும் மேலாளரும்."

"எவ்ளோ நேரமா?"

"முப்பத்தோரு மணி பன்னிரண்டு நிமிஷமா."

அவள் கத்தவில்லை. கம்பிக்குப் பக்கத்தில் படுத்துத் தம்பியைக் கூப்பிட்டுப் பார்த்தாள். எழுந்து, என்னிடமிருந்து நாலடி தள்ளிப் போய் நின்றுகொண்டு, தீயணைப்புக்குப் போன் செய்தாள். அவர்கள் வந்ததும் முதல் வேலையாக ஜெனரேட்டரை அணைத்தார்கள்.

மச்சான் இன்னும் கண் திறக்கவில்லை என்று கேள்விப்பட்டேன். அவன் கட்டிலருகே ஒரு திரை இருக்குமே, அதில் எண்கள் எப்படி இருக்கின்றன என்று யாராவது எனக்குச் சொன்னால் நன்றாக இருக்கும்.

நேற்று வீட்டுக்காரி இங்கே ஸ்டேஷனுக்கு வந்தாள். உட்காரவில்லை. "மின்வாரியத்துல விசாரிச்சேன். அன்னிக்குக் கரண்டே போகலையாமே," என்றாள். நீங்களும் அதைத்தான் கேட்கிறீர்கள். ஜெனரேட்டர் சத்தம் பத்து மணிக்கு முன்பே கேட்டதாக வாட்ச்மேனும் சொல்லியிருப்பார்.

சரி, எழுதிக்கொள்ளுங்கள். கரண்ட் போகவில்லை. ஜெனரேட்டரை முன்கூட்டியே போட்டு, சர்வர் அறையை அதற்கு மாற்றிவிட்டுத்தான் மெயின் ஸ்விட்சை இறக்கினேன். லிஃப்ட் கிளம்பிய பிறகு பத்தொன்பது விநாடி எண்ணித்தான் இறக்கினேன். இரண்டு மாடிக்கும் நடுவில் நின்றால்தான் யாரும் இறங்க முடியாது. முந்தைய நாள் வெறும் லிஃப்டை மூன்று தடவை ஓட்டிப் பார்த்து எடுத்த கணக்கு அது. இதெல்லாம் நான் செய்தது, ஒளிக்கவில்லை. ஆனால் அந்த சர்வர் நின்றதற்கு நான் பொறுப்பில்லை, ஐயா. அதைத் தீயணைப்புக்காரர்களிடம்தான் நீங்கள் விசாரிக்க வேண்டும்.