சொல்லாத காய்ச்சல்

இல்ல தம்பி, ஃபோன்ல பதியிறத நிப்பாட்ட வேணாம். பேரையும் போடுங்க. டொக்டர் கைருன்னிஸா, கற்பிட்டிப் பக்கத்துல ஒரு சின்ன ஆஸ்பத்திரி எண்டு போட்டாக் காணும். அடுத்த கொள்ளை நோய் வந்தா அரசாங்கம் என்ன செய்யோணும் எண்டு கேக்கத்தானே கொழும்பில இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. பேர மறைச்சுச் சொல்ற கதையா அது? கதிரைய இங்கால இழுத்துப் போடுங்க, அங்க ஃபேன் காத்து வராது.

ஓம், மிஷினும் வேணும்தான். நெஞ்சு நோவோட ஒராள் வந்தா ஈசிஜி எடுத்துப் பாத்துட்டு புத்தளத்துக்கு ஏத்தி அனுப்புறதுதான் எங்கட வேல. அங்க இருந்து குருநாகலுக்கு அனுப்புவாங்க. பாதி உசிரு ரோட்டிலயே போயிரும். ஆலங்குடாவில கரைவல இழுக்கிற மனிசன், சிங்களத்தில எழுதின துண்டக் கையில வெச்சுக்கொண்டு எந்த வாட்டுக்குப் போறதெண்டு தெரியாம நிண்டதையும் கண்டிருக்கேன். எல்லாத்தையும் எழுதுங்க. ஆனா அதெல்லாம் ஆளும் காசும் போட்டாச் சரிவாற விசயம். நான் சொல்ல வாறது வேற.

நோயாளி வாயத் தொறந்து சொன்னாத்தான் தம்பி வைத்தியம். எப்ப தொடங்கினது, எங்க நோவுது, வீட்டில வேற ஆருக்கும் இருக்கா. இதுக்கெல்லாம் அவங்க பொய் சொல்லத் தொடங்கிட்டா, எவ்வளவு பெரிய மிஷின் வெச்சிருந்தும் நான் குருடிதான்.

கொரோனாவில ஆரும் மவுத்தானா உடல எரிக்கோணும் எண்டு சட்டம் போட்டாங்க இல்லையா? மத்த நாட்டிலெல்லாம் மண்ணில அடக்கிக்கொண்டுதான் இருந்தாங்க. இல்ல இல்ல, நான் மார்க்கம் பேச வரல்ல. டொக்டராத்தான் பேசுறேன். அந்தச் சட்டத்தோட எங்கட கிளினிக் வெறிச்சோடிப் போச்சு. நோய் கொறஞ்சிட்டுது எண்டு மேல இருந்தவங்க நினச்சிருப்பாங்க. கொறயல்ல. ஆக்கள் காய்ச்சல ஒளிச்சாங்க. கொத்தமல்லி அவிச்சுக் குடிச்சுட்டு, கதவச் சாத்திக்கொண்டு படுத்தாங்க. அபூசாலி எண்டு ஒரு தோணிக்காரர் வந்தார். கால்ல முள்ளுக் குத்திட்டுதாம். ஆளுக்கு மூச்சு வாங்குது, கால நீட்டிக் காட்டுறார். நான் ஸ்டெத்த நெஞ்சில வைக்கப் போக, வேணாம் டொக்டர், காலப் பாருங்க எண்டு பின்னுக்குப் போறார். கடலுக்குப் போறவர், மவுத்துக்குப் பயப்படுற ஆளில்ல. நெருப்புக்குப் பயந்தார். எப்பிடியோ தப்பிட்டார், அல்ஹம்துலில்லாஹ். ஆனா அவர்ட நெஞ்ச நான் கடைசி வரைக்கும் பாக்கல்ல.

ஓம், மேலிடத்துக்கு எழுதினேன். கூட்டத்திலயும் எழும்பிச் சொன்னேன். ஒரு பெரிய டொக்டர், நல்ல மனிசன்தான், மனசால பேசாம விஞ்ஞானத்தால பேசுங்க எண்டார். பொறகு எல்லாரும் தேத்தண்ணி குடிச்சாங்க, கூட்டம் கலஞ்சிச்சு.

என்ன கேட்டீங்க? எங்கட வீட்டிலயா?

ஓம். உம்மா.

றஹ்மத் உம்மா எண்டு பேர். இங்க புத்தளத்துப் பக்கத்துக் கரைத்தீவில என்ட தங்கச்சி ஹாஜராவோட இருந்தாங்க. தொண்ணூறில மன்னார்ல இருந்து முஸ்லிம் ஆக்கள் எங்கள எல்லாம் புலிகள் வெளியேத்தக்குள்ள என்ன இடுப்பில வெச்சுக்கொண்டு வந்து, முகாம் கொட்டில்ல போட்டுப் படிப்பிச்சவங்க. ஊர்ல ஆரும் தும்மினாலும் எனக்குத்தான் கோல் எடுப்பாங்க, என்ட மகள் டொக்டர் எண்டு காட்டுறதுக்கு. அந்த நேரம் என்னால வாட்ட விட்டுட்டு ஊருக்குப் போக ஏலாது. ஒவ்வொரு நாளும் எடுத்து, எப்பிடி உம்மா எண்டு கேப்பேன். நல்லம் மகள், நீ சாப்பிட்டியா எண்டு கேட்டுட்டு வெச்சிருவாங்க. கத கொறஞ்சு போச்சே எண்டு யோசிச்சேன். மூச்சு முட்டுறது எனக்குக் கேட்டிரக் கூடாது எண்டுதான் அப்பிடிச் சுருக்கி இருக்காங்க. ஹாஜராட்டயும் சத்தியம் வாங்கி வெச்சிருந்தாங்க.

அவ பொறுக்க ஏலாமப் போய்த்தான் அழுதுகொண்டு எனக்கு எடுத்தா. நான் போய்ச் சேரக்குள்ள உம்மாட உதடு நீலம் பாஞ்சு கிடந்திச்சு. ஏன் உம்மா என்னட்டச் சொல்லல்ல எண்டு கேட்டேன். மூச்ச இழுத்து இழுத்துத்தான் பதில் சொன்னாங்க. நீ டொக்டராகாம இருந்திருந்தா சொல்லியிருப்பேன் மகள் எண்டாங்க.

ஆஸ்பத்திரி வேணாம், இங்கயே உட்ரு எண்டு என்ட கையப் புடிச்சாங்க. ஹாஜராவும், உட்ருங்க ராத்தா, இங்கயே போகட்டும், நம்மட மையவாடியில அடக்குவம் எண்டா. ஒட்சிசன் குடுத்தாத் தப்ப வழி இருந்திச்சு தம்பி. எனக்குத் தெரியும். நான் அம்பியூலன்ஸ்ல ஏத்தினேன். இண்டைக்கு எண்டாலும் ஏத்தத்தான் செய்வேன். மூச்சுக்குப் பாடுபடுற உம்மாவ வெச்சுக்கொண்டு வேற என்னத்தச் செய்யிறது?

வாட்டில வெச்சு மவுத்தானாங்க. டெஸ்ட் எடுத்தாங்க, பொசிட்டிவ். எரிச்சாங்க. தூரத்தில நிண்டு பாக்கலாம் எண்டு சொன்னாங்க, ஹாஜரா வரல்ல. நான் போனேன். கொஞ்ச நாளைக்குள்ள, அடக்கலாம் எண்டு சட்டத்த மாத்திட்டாங்க.

இல்ல, தண்ணி வேணாம். நீங்க பதியுங்க.

உங்கட றிப்போட்டில இத மட்டும் மறக்காம எழுதுங்க. சட்டத்த மாத்தின உடன ஆக்கள் பழையபடி வந்து வாயத் தொறப்பாங்க எண்டு நினைக்க வேணாம். ஹாஜராட சின்ன மகளுக்குப் போன கிழம டெங்கு. கடுமையாத்தான் இருந்திருக்கு, புத்தளத்தில வாட்டில வெச்சிருந்திருக்காங்க. அங்க வேல செய்யிற நேர்ஸ் ஒராள் சொல்லித்தான் நான் கேள்விப்பட்டேன்.