சனிக்கிழமை வா

என் பட்டறைக்கு வரும் யாரிடமும் தேநீர் கொடுக்காமல் நான் வண்டிச் சாவி வாங்கியதில்லை ஐயா. மரமிய்யா இலை போட்ட தேநீர். இந்தக் காவல் நிலையத்தில் நீங்கள் கொடுத்ததில் இலை இல்லை, பரவாயில்லை. ஏன் செய்தேன் என்று கேட்கிறீர்கள். சொல்கிறேன்.

அம்மானின் பயாதிர் பகுதியில் பதினொரு வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். ஸர்கா சுங்கமில்லா மண்டலம் வழியாக இறங்கும் சீன மின்சாரக் கார்கள்தான் என் பிழைப்பு. அவை அந்த நாட்டில் ஓடுவதற்காகச் செய்தவை. இங்கே அவற்றுக்கு உத்தரவாதம் கிடையாது, போய்ச் சண்டை போட ஓர் அலுவலகமும் கிடையாது. இரண்டு குளிர்காலத்துக்கு முன் கம்பெனியிலிருந்து காற்றுவழியே ஒரு புதுப்பிப்பு வந்தது. மறுநாள் காலை அம்மானில் இந்தக் கார்களில் பாதி நின்ற இடத்திலேயே செத்துக் கிடந்தன. ஹாத்திம் அப்போதுதான் முதலில் என்னிடம் வந்தான். செயலி வழியாகச் சவாரி ஓட்டுகிறவன், இரண்டு பெண் குழந்தைகள். மனைவியின் வளையலை விற்றுவிட்டு வந்து நின்றான்.

"தப்பு பண்ணினது கம்பெனி, காசு குடுக்கிறது நான். இது எந்த ஊர் நியாயம், அபூ கைஸ்?"

"காசு குடுத்தா உன் வண்டியாவது ஓடுது. எனக்குப் பொண்டாட்டியே பேச மாட்டேங்கிறா," என்றேன். அவன் அழாமல் சிரித்தான். வண்டியைச் சரி செய்து கொடுத்தேன்.

அந்தக் குளிர்காலம் முழுக்க என் வாசலில் கூட்டம். டாக்டர் என்றே கூப்பிட்டார்கள். பிறகு கம்பெனி திருந்திவிட்டது. பழுதான புதுப்பிப்பு ஒன்றும் வரவில்லை. காலையில் கதவைத் திறந்து உட்கார்ந்தால் மாலைவரை தெருநாய்தான் வந்து எட்டிப் பார்க்கும். சும்மா இருப்பது எனக்கு ஒத்துக்கொள்ளாது.

வண்டியின் சீனத் திரைக்கு அரபு மொழி ஏற்றிக் கொடுக்கும்போது என் கணினிக்கு ஒரு வழியைத் திறந்து வைப்பது என் வழக்கம். அந்த வழியாக நாற்பத்தொரு வண்டிகளுக்கு நானே ஒரு புதுப்பிப்பு அனுப்பினேன். சின்னதுதான். பேட்டரி எப்போதும் நிறைந்திருப்பதாக வண்டியை நம்ப வைக்கும், அவ்வளவே. மஞ்சள் விளக்கு எரியும், மின்சாரம் சொட்டுச் சொட்டாகத்தான் ஏறும். பதறிக்கொண்டு வருவார்கள். தேநீர் குடித்து முடிப்பதற்குள் சரி செய்துவிடுவேன். கம்பெனியைத் திட்டிக்கொண்டே காசை நீட்டுவார்கள். கம்பெனிக்கு அது உறைக்கப் போவதில்லை. நீங்கள் மோசடி என்று எழுதுவது தெரிகிறது. நான் அந்தச் சொல்லைச் சொல்லவில்லை.

ஒன்றை மட்டும் யோசிக்காமல் விட்டேன். எங்கள் ஓட்டுநர்கள் இறக்கத்தில் பிரேக்கைத் தொட மாட்டார்கள். ஆக்சிலரேட்டரிலிருந்து காலைத் தூக்கினால் போதும், மோட்டாரே வண்டியைப் பிடித்து நிறுத்தி, அந்த விசையைப் பேட்டரிக்கு ஏற்றிக்கொள்ளும். சாக்கடல்வரை பிரேக்கே மிதிக்காமல் இறங்கினேன் என்று பீற்றிக்கொள்வார்கள். பிரேக் கட்டை தேய்ந்தாலும் மாற்ற மாட்டார்கள். நானே பலரிடம் அது வீண் செலவு என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் பேட்டரி நிறைந்திருப்பதாக வண்டி நம்பினால், ஏற்ற இடமில்லை என்று மோட்டார் பிடிக்காது.

இது எனக்கு உறைத்தது ஒரு வியாழக்கிழமை. மருந்துக்கடை லுபானா வந்து, "இறக்கத்துல காலைத் தூக்கினேன் அபூ கைஸ், வண்டி நிக்கல, வேகமாப் போகுது. உயிரே போயிடுச்சு," என்றாள். அவளுடையதைச் சரி செய்து அனுப்பினேன். மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கலாம். சொன்னால், உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள்.

அன்று சாயங்காலம் ஹாத்திம் அழைத்தான்.

"மறுபடி கோளாறு, மஞ்சள் விளக்கு எரியுது. இப்ப வரட்டுமா?"

"சாத்திட்டேன். சனிக்கிழமை வா."

"நாளைக்கு சாக்கடலுக்கு ஒரு சவாரி ஒத்துக்கிட்டேன். ஓட்டலாமில்ல?"

பின்னால் அவன் சின்ன மகள் செருப்பைக் காணோம் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

"ஓட்டலாம்," என்றேன்.

வெள்ளிக்கிழமை காலை கணினியைத் திறந்து வைத்திருந்தேன். வண்டிகள் பச்சைப் புள்ளிகளாகத் தெரியும். ஹாத்திமின் புள்ளி சாக்கடல் சாலையில் நாவூரைத் தாண்டி இறங்கத் தொடங்கியது. பக்கத்தில் வேகம் காட்டும் எண் ஏறிக்கொண்டே போனது. பிறகு புள்ளி நின்றது. மூடிவிட்டுத் தொழுகைக்குப் போனேன். முதல் வரிசையில் நின்றேன்.

சாலையோரம் வாழைப்பழம் விற்ற முஃப்லிஹ் அவன் வண்டி மோதி அந்த இடத்திலேயே இறந்தார். ஹாத்திமைப் பிடித்து உள்ளே வைத்தார்கள். வண்டியைப் பரிசோதிக்கக் காவல்துறை என்னைத்தான் அழைத்தது. இந்த வண்டிகளைத் தெரிந்தவன் வேறு யார்? என் புதுப்பிப்பை அழித்துவிட்டு, பிரேக் கட்டை தேய்ந்தது, ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதினேன். கட்டை தேய்ந்திருந்தது பொய் இல்லை.

சமாதானம் பேசப் பெரியவர்களோடு ஹாத்திமின் அப்பா என்னையும் அழைத்துப் போனார். முஃப்லிஹின் வீட்டுக் கூடாரத்தில் காபி ஊற்றி வைத்தார்கள். கேட்க வந்த மன்னிப்பு கிடைக்கும்வரை யாரும் தொடக்கூடாது என்பது வழக்கம். முஃப்லிஹின் அண்ணன் என்னைப் பார்த்தார்.

"வண்டியைப் பார்த்தவர் நீங்கதானாம். வண்டியில கோளாறுன்னா இந்தப் பையன் மேல எங்களுக்கு ஒண்ணுமில்ல. நாங்களே கோர்ட்டுல வந்து சொல்றோம். அல்லாவை முன்வெச்சு சொல்லுங்க. வண்டியா, அவன் காலா?"

ஹாத்திமின் அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கோப்பையிலிருந்து ஆவி அடங்கிக்கொண்டிருந்தது.

"அல்லா மேல ஆணையா, வண்டி சுத்தம்," என்றேன். "அவன் கால்தான்."

அவர் கோப்பையை என் பக்கம் நகர்த்தினார். பிறகு, "எங்க உரிமையை விட்டுட்டோம். மிச்சத்தை அரசாங்கம் பார்த்துக்கட்டும். குடிங்க," என்றார். குடித்தேன். ஆறிப்போயிருந்தது. அரசாங்கம் பார்த்துக்கொண்டது, ஹாத்திம் இன்னும் உள்ளேதான் இருக்கிறான். பரிசோதனைக் கூலி என்று அவன் அப்பா ஓர் உறையை என் கையில் திணித்து, "உங்களுக்கும் அலைச்சல் குடுத்துட்டோம். அவனே சொல்றான், என் கால்தான் தப்பு பண்ணிச்சுன்னு," என்றார். வாங்கிக்கொண்டேன். வாங்காவிட்டால் ஏன் என்று யோசிப்பாரே.

அன்றிலிருந்து பயம். கைப்பேசி மணி அடித்தால் பயம், காபி வாசனை வந்தால் பயம். வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் இருக்க முடியாமல் பட்டறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டு அந்தப் புள்ளிகளைப் பார்ப்பேன். என் பெயர் ஒரு வண்டியின் மென்பொருளுக்குள் இருந்ததை ஸர்காவில் இன்னொரு பட்டறைக்காரன் கண்டுபிடித்து உங்களிடம் சொன்னபோது, உண்மையில் மூச்சு வந்தது.

நாற்பத்தொன்றில் முப்பத்தேழு வந்து சரியாகிப் போயின. ஹாத்திமுடையது உங்கள் காவலில் இருக்கிறது. மூன்று இன்னும் வரவில்லை. ஒன்று ஸல்த் மலைச் சாலைகளில் ஓடுகிறது. ஒன்றில் போன வாரம் கூரையில் மிதிவண்டி கட்டியிருந்ததைத் தெருவில் பார்த்தேன், பிள்ளைகள் உள்ள வீடுபோல. இன்று வியாழக்கிழமை, நாளை விடுமுறை என்பது எனக்கும் தெரியும்.

என் கணினி உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. இங்கிருந்தபடியே மூன்றையும் சரி செய்யலாம், ஒரு நிமிடம் ஆகாது. விபத்துக்குப் பிறகு இந்த இரண்டு மாதத்தில் விரல் எத்தனையோ முறை அங்கே போயிருக்கிறது. ஆனால் நீங்களே சொல்லுங்கள் ஐயா, முப்பத்தேழு பேர் வந்து காத்திருந்து காசு கொடுத்துச் சரி செய்துகொண்டார்கள். வராத மூன்று பேருக்குச் சும்மா செய்து கொடுத்தால் அவர்கள் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்? ஒரு வாடிக்கையாளருக்கும் நான் அநியாயம் செய்ததில்லை. சனிக்கிழமை வரச் சொல்லுங்கள்.