இந்தப் பக்கம் வாங்கோ

ஐயா,

என் மாமனார் நாராயணஸ்வாமிக்குப் பை வைக்காத சட்டை பிடிக்காது. அதனால் அவருடைய போன் எப்போதும் நெஞ்சோடுதான் இருக்கும். எந்த மொழியில் வருகிறதோ அதில் எழுதுங்கள், மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்றீர்கள். எனக்கு ஒழுங்காக எழுத வருவது தமிழ்தான்.

மாமா குஷாய்குடா தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மாமி வேதா இறந்த பிறகு அவருக்கு நினைவு தப்பத் தொடங்கியது. சைனிக்புரியில் எங்களோடு வைத்துக்கொண்டோம். காலையில் குளித்து, சட்டை மாட்டி, ஷிப்ட் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். மாத்திரையை நீட்டினால், "நக்கோ, வேண்டாம் மாப்ளே, ட்யூட்டிக்கு லேட்டாறது" என்பார். ஒரு நாள் திருமுல்கேரியில் ஆட்டோக்காரர்கள் அவரை உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்திருந்தார்கள். என் மனைவி சௌம்யா அழுதுகொண்டே போய்க் கூட்டிவந்தாள்.

நான் ஆப் எழுதிப் பிழைப்பவன். பீக்கன் என்று ஒரு வில்லை உண்டு, சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரியது. 'நான் இங்கே இருக்கிறேன்' என்று ப்ளூடூத்தில் ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும். போன் அதன் அருகில் வந்தால், மூடிக் கிடக்கும் ஆப் பின்னணியில் தானாக எழுந்துகொள்ளும். யாரும் எதையும் தொட வேண்டியதில்லை. இதைத் தயவுசெய்து கவனத்தில் வையுங்கள்.

மாமாவின் போனில் அப்படி ஓர் ஆப்பைப் போட்டு, வில்லையை வாசல் கேட்டில் ஒட்டினேன். ஆப் எழுந்தவுடன் பேசுவதற்கு மாமியின் குரலை வைத்தேன். நுமாயிஷ் பொருட்காட்சிக் கூட்டத்தில் இருவரும் பிரிந்துபோனபோது மாமி வாட்ஸப்பில் அனுப்பிய குரல் அது: "ஏன்னா, இந்தப் பக்கம் வாங்கோ." மறுநாள் மாமா கேட்டைத் தொட்டார், சட்டைப் பையிலிருந்து குரல் வந்தது, சமர்த்தாகத் திரும்பி உள்ளே வந்து உட்கார்ந்தார். "நீ எழுதினதுலேயே இது ஒண்ணுதான் உருப்படி" என்றாள் சௌம்யா. வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. மாமா படுக்கையை நனைத்தார், அவளையே யாரென்று கேட்டார், ஒருமுறை அடித்தும்விட்டார். அவள் வேலையை விட்டாள். ஒரு மத்தியானம் குளியலறைத் தரையில் உட்கார்ந்து அவர் வேட்டியைக் கசக்கிக்கொண்டே, "இதுக்கு ஒரு முடிவே கிடையாதா?" என்றாள். என்னைத்தான் கேட்டாள் என்று சொல்ல முடியாது. ஆனால் பதில் சொல்லக்கூடியவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான்.

கேட்டிலிருந்த வில்லையை எடுத்தேன். எங்கள் காலனிக்குப் பின்னால் ரயில் பாதை போகிறது. பஸ் பிடிக்க மாமா நடக்கும் ஒற்றையடிப் பாதை அதைத் தொடும் இடத்தில், தண்டவாளத்துக்கு அந்தப் புறம் ஒரு வேப்பமரம். வில்லையை அதில் ஒட்டினேன். போன் எங்கே வரும்போது குரல் எழுகிறது என்று நானே நடந்து பார்த்தேன். தண்டவாளத்துக்குச் சற்று முன்பாக எழுந்தது. திருப்தியாக இருந்தது.

சம்பவத்தின்போது குளித்துக்கொண்டிருந்ததாக உங்கள் கான்ஸ்டபிளிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். நான் மாமாவுக்குப் பின்னால்தான் நடந்துகொண்டிருந்தேன். அவருக்கு ஏதாவது ஆகிவிடக் கூடாதே என்றும் தோன்றியது, அதுவும் உண்மை.

தண்டவாளத்தருகே மாமி கூப்பிட்டாள். மாமா போகவில்லை.

நான் இதை எதிர்பார்க்கவில்லை. காலமெல்லாம் இயந்திரங்களுக்கு நடுவே நின்றவர் அல்லவா, கால் தானாக நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். அடையாளம் தெரிந்தது. பல மாதங்களாக அவர் அவ்வளவு தெளிவாகப் பேசியதில்லை.

"மாப்ளே, வண்டி சத்தம் கேக்கறது. ஆனா அவ அந்தப் பக்கத்திலேர்ந்து கூப்பிடறாளே. போகலாமா?"

எனக்கும் சத்தம் கேட்டது.

"மாமி காத்துண்டிருக்கா. போங்கோ மாமா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டு, செருப்பைச் சரிசெய்துகொண்டு போனார்.

ஆப் தானாக எழுந்தது, தானாகப் பேசியது, அதில் என் கை இல்லை. நான் அவரைத் தள்ளவும் இல்லை. பெரியவர்கள் ஒன்று கேட்டால் பதில் சொல்லாமல் நிற்பது மரியாதை இல்லை என்று சொல்லிக்கொடுத்து வளர்ந்தவன் நான்.

இப்படிக்கு,
சுதர்சன்