பல்லுக்காக நிறுத்திய மாத்திரை

புது மேம்பாலம் முதல் மழையிலேயே விரிசல் விட்டு, பஸ்களெல்லாம் ஊரைச் சுற்றி ஓடிய வருடம் அது. என்னை 'டயர்' என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். வயது எண்பதுக்கு மேல். பஸ் டிப்போவின் எதிர்ச் சந்தில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. அந்த வருடம் இறந்தவர் என் தம்பி, பஸ் டிரைவர். சித்தி மாத்திரை கொடுக்காமல் அப்பாவைக் கொன்றாள் என்று தம்பியின் மூத்த தாரத்து மகன் பல வருடம் கழித்து இப்போது கொடுத்த புகாரில் விசாரிக்கப்பட்டுச் சொல்வதாவது:

சுற்றுவழியில் நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டிய தம்பிக்கு இடது கால் மட்டும் வீங்கிச் சுட்டது. தெரு டாக்டர் சுளுக்கு என்று களிம்பு கொடுத்தார். வீக்கம் தொடைக்கு ஏறியது. அதன் பிறகு நானும் தம்பி மனைவியும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். ஸ்கேன் எடுத்த பெண் காலை அழுத்தி, "நல்ல கால்ல அமுக்கினா ரத்தக்குழாய் தட்டையாகுது, இதுல ஆகலை. உள்ளே ரத்தம் கட்டியிருக்கு" என்றார். வயிற்றில் ஊசி போட்டார்கள். அதன் பிறகு ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்து, இதை நிறுத்தினால் கட்டி நெஞ்சுக்குப் போய்விடும் என்று அங்கிருந்த கால் டாக்டர் எச்சரித்தார். தம்பி மனைவி ஒரு வேளைகூடத் தவறாமல் கொடுத்தாள். வீக்கம் வடிந்தது.

அதன் பிறகு தம்பிக்குக் கடைவாய்ப் பல் சீழ் பிடித்தது. மாத்திரையை நிறுத்தினால்தான் பிடுங்க முடியும், இல்லாவிட்டால் ரத்தம் நிற்காது என்றார் பல் டாக்டர். நிறுத்தினோம், பிடுங்கினார். மறுபடி எப்போது தொடங்குவது என்று கேட்டேன். "அதைக் கால் டாக்டர்கிட்ட கேளுங்க பெரியவரே." கால் டாக்டர் லீவில் இருந்தார். அங்கிருந்த நர்ஸ், "நிறுத்தச் சொன்னவர்தான் சொல்லணும்" என்றார். திரும்பி வந்தால் பல் டாக்டர், "எத்தனை தடவை சொல்றது? நான் பல்லைத்தான் பார்ப்பேன்" என்றார்.

தம்பி மனைவி தண்ணீரும் மாத்திரையுமாக நின்றாள்.

"நீ எப்போ டாக்டருக்குப் படிச்சே?" என்றான் தம்பி.

"கால் மறுபடி வீங்குது, கண்ணு தெரியலையா? மாமா, நீங்களாவது சொல்லுங்க."

நானும் சொன்னேன். கால் டாக்டர் வரட்டும் என்று பிடிவாதம் பிடித்தான். அவர் வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டுக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவன், மூச்சு வாங்குதுண்ணே என்றான். அப்படியே சரிந்தான்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன், நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மை. ரேகை வைக்குமுன் இதையும் எழுதுங்கள். தம்பி மனைவி வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். கூடப்பிறந்தவன் பேச்சு சாட்சியாகாது என்கிறீர்கள். மாத்திரையை நிறுத்தச் சொன்ன அறையில் இருந்தவர்களில் தம்பி போய்விட்டான், பல் பிடுங்கக் குறடு எடுத்துக் கொடுத்த அம்மாள் போய்விட்டார். என்னை விட்டால் உயிரோடு இருப்பது ஒரே ஆள். பல் டாக்டர்.